நம் பகுதியில் எம்.எஸ். எத்தனை பேருக்கு? எண்ணைத் தேடவும் சரிபார்க்கவும் எழுதவும் ஒரு வழிகாட்டி

ஒருவருக்கு மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் (சுருக்கமாக எம்.எஸ்.) என்று மருத்துவர் உறுதிசெய்தவுடன், சிகிச்சை, செலவு ஆகிய கேள்விகளோடு சேர்ந்து வீட்டில் தவறாமல் எழும் கேள்வி, இந்த நோய் எத்தனை பேருக்கு வருகிறது என்பதாகும். மும்பையின் மாட்டுங்காவிலோ செம்பூரிலோ தாராவியிலோ உள்ள ஒரு தமிழ்க் குடும்பம் இதற்குப் பதில் தேடும்போது, லட்சத்தில் ஒருவருக்குத்தான் வரும் என்று ஒரு பக்கமும், லட்சத்தில் முப்பத்தாறு பேருக்கு என்று இன்னொரு பக்கமும், இது வெள்ளைக்காரர்களின் நோய் என்று ஓர் உறவினரும் சொல்லக் கேட்கிறது. முதல் இரண்டும் எங்கோ ஓரிடத்தில் ஏதோ ஓர் ஆண்டில் சரியாக இருந்தவை. மூன்றாவது பேச்சு எந்த ஆண்டிலும் முழுதாகச் சரியாக இருந்ததில்லை. குடியிருப்புச் சங்கத்துக்கோ தமிழ்ச் சங்கத்துக்கோ நோய் விழிப்புணர்வுத் துண்டறிக்கை எழுதுவோர், நோயாளியின் குடும்பத்தார், செவிலியர் படிப்பும் சமூகப்பணிப் படிப்பும் படிக்கும் மாணவர் ஆகியோர் இந்த எண்களை எங்கிருந்து எடுப்பது, எப்படிச் சோதிப்பது, எந்தச் சொற்களில் எழுதுவது என்பதை இக்கட்டுரை சொல்கிறது.

நோயைப் பற்றி இரண்டு வரி போதும். உடலின் எதிர்ப்புச் சக்தியே மூளை, தண்டுவடம், பார்வை நரம்பு ஆகியவற்றிலுள்ள நரம்பிழைகளைச் சுற்றிய மயலின் உறையைத் தாக்குவதால் இது உண்டாகிறது. ஒரு கண்ணில் வலியோடு மங்கும் பார்வை, கை கால் மரத்துப்போதல், நடையில் தள்ளாட்டம், சிறுநீரை அடக்க முடியாமை போன்ற அறிகுறிகள் வந்து சில வாரங்களில் தணிந்து பின்னர் வேறோர் இடத்தில் தலைகாட்டுவது வழக்கம். பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தொடங்குகிறது என்பதையும் ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறத்தாழ இரு மடங்கு அதிகம் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்; இந்த இரண்டு செய்திகளும் பின்னால் கணக்குப் போடும்போது தேவைப்படும்.

எந்தப் பகுதியின் எண் வேண்டும்?

உலகப் பகுதி என்று சொல்லும்போது யார் வகுத்த பகுதி என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். எம்.எஸ். பற்றிய உலகளாவிய எண்களைத் திரட்டும் முதன்மையான வெளியீடு, மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் சர்வதேசக் கூட்டமைப்பு வெளியிடும் எம்.எஸ். அட்லஸ் ஆகும். அதன் மூன்றாம் பதிப்பு 2020-ல், 115 நாடுகளின் தகவல்களைக் கொண்டு, உலகில் சுமார் 28 லட்சம் பேர் இந்நோயுடன் வாழ்வதாகவும், 1 லட்சம் பேருக்கு ஏறத்தாழ 36 பேர் என்பது உலகச் சராசரி என்றும் மதிப்பிட்டது. 2013 பதிப்பில் இருந்த எண்ணிக்கை 23 லட்சம். அந்த அட்லஸ், நாடுகளை உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆறு மண்டலங்களாகப் பிரித்துக் காட்டுகிறது. ஐரோப்பாவில் 1 லட்சம் பேருக்குச் சுமார் 143, அமெரிக்கக் கண்டங்களில் 117, கிழக்கு மத்தியதரைக் கடல் மண்டலத்தில் 33, ஆப்பிரிக்காவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் ஏறத்தாழ 9, மேற்குப் பசிபிக்கில் 5 என்பவை அதிலுள்ள மதிப்பீடுகள்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. அந்தப் பட்டியலில் தென்கிழக்கு ஆசியா என்பது நாம் பள்ளிப் புவியியலில் படித்தது போன்ற பகுதி அன்று. இந்தியா, இலங்கை, வங்கதேசம், நேபாளம், பூட்டான், மாலத்தீவு ஆகியவை அதற்குள் வருகின்றன, வட கொரியாவும் அதற்குள் வருகிறது, ஆனால் பாகிஸ்தான் கிழக்கு மத்தியதரைக் கடல் மண்டலத்தில் எகிப்தோடும் ஈரானோடும் நிற்கிறது. சிங்கப்பூரும் மலேசியாவும் மேற்குப் பசிபிக்கைச் சேர்ந்தவை. எனவே ‘தெற்காசியாவில் இத்தனை பேர்’ என்று நீங்கள் எழுத நினைத்து, தென்கிழக்கு ஆசிய மண்டலத்தின் எண்ணை எடுத்துப் போட்டால், கராச்சியை விட்டுவிட்டுப் பியாங்யாங்கைச் சேர்த்துக்கொண்டதாக ஆகிவிடும். மண்டலத்தின் பெயரை அப்படியே எழுதி, அதிலுள்ள நாடுகளில் இரண்டு மூன்றையாவது குறிப்பிட்டுவிடுவதே பாதுகாப்பான வழி.

மண்டலச் சராசரி உள்ளே இருக்கும் வேறுபாட்டை எந்த அளவுக்கு மறைக்கும் என்பதற்கு மேற்குப் பசிபிக்கைப் பாருங்கள். அதன் சராசரி 5. ஆனால் அதே மண்டலத்திலுள்ள ஆஸ்திரேலியாவில் 2017-லேயே 1 லட்சம் பேருக்கு 100-க்கு மேற்பட்டோர் இருந்தனர். சீனாவின் பெருமக்கள்தொகை ஆஸ்திரேலியாவை அமுக்கிவிடுகிறது, அவ்வளவுதான். நம் மண்டலத்தில் அந்த இடத்தை இந்தியா பிடித்துக்கொள்கிறது: தென்கிழக்கு ஆசியாவின் 9 என்ற எண்ணைக் காத்மாண்டுவைப் பற்றியோ யாழ்ப்பாணத்தைப் பற்றியோ பேசப் பயன்படுத்துவோர், பெரும்பாலும் இந்தியாவின் எண்ணைத்தான் வேறு பெயரில் சொல்கிறார்கள்.

எந்த வீதம் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்

ஒரு குறிப்பிட்ட நாளில் நோயுடன் வாழ்ந்துகொண்டிருக்கும் அனைவரையும் எண்ணுவது பரவல் வீதம்; ஓராண்டில் புதிதாக நோய் கண்டறியப்பட்டவர்களை மட்டும் எண்ணுவது புதுநிகழ்வு வீதம். எம்.எஸ். வாழ்நாள் நோய் என்பதால் முதலாவது எண் இரண்டாவதைப்போல் பல மடங்கு பெரிதாக இருக்கும். ஓர் ஊரில் ஆண்டுதோறும் 1 லட்சம் பேரில் 2 பேருக்குப் புதிதாக நோய் கண்டறியப்பட்டு, அவர்கள் சராசரியாக 30 ஆண்டுகள் வாழ்ந்தால், பரவல் வீதம் 60 அளவில் வந்து நிற்கும். புதிய நோயாளிகள் ஒருவர்கூட அதிகரிக்காமல், உள்ளவர்கள் நல்ல சிகிச்சையால் கூடுதலாகப் பத்தாண்டு வாழ்ந்தாலே அந்த 60 மெல்ல 80-ஐ நோக்கி ஏறும். பரவல் வீதம் உயர்ந்தது என்ற செய்தியைக் கண்டதும் நோய் பெருகிவிட்டது என்று தலைப்பு எழுதுவோர் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது.

கோட்டுக்கு மேலுள்ள எண்: யாரை எம்.எஸ். என்று கணக்கிட்டார்கள்?

எல்லா வீதமும் ஒரு வகுத்தல்தான். கோட்டுக்கு மேலே நோயாளிகளின் எண்ணிக்கை, கீழே அவர்கள் வாழும் மக்கள்தொகை. மேலுள்ள எண்ணைச் சோதிக்க, ஆய்வின் ஆண்டையும் அதில் கையாண்ட நோய்க் கண்டறி விதிகளையும் பார்க்க வேண்டும். 1983-ன் போசர் விதிகள், 2001-ல் வந்து 2005, 2010, 2017 ஆகிய ஆண்டுகளில் திருத்தப்பட்ட மெக்டொனால்டு விதிகள் என்று இவை மாறிக்கொண்டே வந்துள்ளன. 2017 திருத்தத்தின்படி, முதல் தாக்குதலிலேயே எம்.ஆர்.ஐ. படத்தையும் தண்டுவட நீர்ப் பரிசோதனையையும் வைத்துச் சிலருக்கு நோயை உறுதிசெய்துவிடலாம். அதே ஆள் 1985-ல் வந்திருந்தால் இரண்டாவது தாக்குதல் வரும்வரை ‘சந்தேகம்’ என்ற குறிப்போடு வீட்டுக்கு அனுப்பப்பட்டிருப்பார். எம்.ஆர்.ஐ. வசதி பரவுவதற்கு முன்னர் வெளியான இந்திய மதிப்பீடுகள் 1 லட்சம் பேருக்கு 1 என்ற அளவில் நின்றதற்கு இது ஒரு பெரிய காரணம். லட்சத்தில் ஒருவர் என்ற பேச்சு இன்றும் நம்மிடையே உலவுவது அந்தக் காலத்தின் மிச்சம்.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. பார்வை நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்கும் நியூரோமயலைடிஸ் ஆப்டிகா என்ற நோய், நீண்ட காலம் எம்.எஸ்.-இன் ஒரு வகையாகவே எண்ணப்பட்டு வந்தது. ஜப்பானில் அதற்கு ‘ஆசிய வகை’ என்ற பெயர்கூட இருந்தது. 2004-ல் அந்நோயாளிகளின் இரத்தத்தில் ஒரு தனி எதிர்ப்பொருள் கண்டறியப்பட்டு, அது அக்வாபோரின்-4 என்னும் புரதத்தைத் தாக்குவது என்று அடுத்த ஆண்டில் தெளிவான பின்னர்தான் அது வேறு நோய் என்பது நிலைபெற்றது. ஆசியாவில் எம்.எஸ். குறைவாகவும் இந்த நோய் அதனுடன் ஒப்பிடும்போது கணிசமாகவும் காணப்படுவதால், 2004-க்கு முந்தைய ஆசிய ஆய்வுகளில் இரண்டும் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். ஐரோப்பிய எண்களில் இந்தக் கலப்பு பெரிதாக எதையும் மாற்றாது. நம்முடைய சிறிய எண்ணில் அது நன்றாகவே உறைக்கும்.

இரண்டையும் பிரித்துக் காட்டிய வகையில் மங்களூரு ஆய்வு நமக்கு அருமையான சான்று. 2014-ல் வெளியான அந்த ஆய்வு, மங்களூரு நகரில் 1 லட்சம் பேருக்கு எம்.எஸ். 8.35 என்றும் நியூரோமயலைடிஸ் ஆப்டிகா 2.6 என்றும் தனித்தனியே தந்தது. இரண்டையும் சேர்த்திருந்தால் 11 என்றாகி, எம்.எஸ். மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக ஊதிப்போயிருக்கும். இந்தியாவைப் பற்றி ஒரே ஓர் எண்ணைத்தான் துண்டறிக்கையில் போட முடியும் என்றால் நான் இதைத்தான் போடுவேன். ஓர் ஊரின் எண் என்று சொல்லியே போடுவேன்.

மருத்துவமனைப் பதிவேடுகளிலிருந்து நீங்களே எண்ணை எடுக்க நேர்ந்தால், பெயரை வைத்துத் தேடாமல் நோய்க் குறியீட்டை வைத்துத் தேடுங்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் பத்தாம் பதிப்புப் பட்டியலில் எம்.எஸ்.-க்கு ஜி35 என்றும், நியூரோமயலைடிஸ் ஆப்டிகாவுக்கு ஜி36.0 என்றும் குறியீடு இருக்கிறது. ‘ஸ்கிளீரோசிஸ்’ என்ற சொல்லை மட்டும் கணினியில் தட்டினால், தோல் தடிக்கும் சிஸ்டமிக் ஸ்கிளீரோசிஸ், தசைகளை முடக்கும் அமையோட்ராபிக் லேட்டரல் ஸ்கிளீரோசிஸ், குழந்தைகளிடம் காணும் டியூபரஸ் ஸ்கிளீரோசிஸ் என எல்லாம் ஒரே கூடையில் வந்து விழும். ‘எம்.எஸ்.’ என்று தட்டுவதோ அதைவிடப் பெரிய வம்பு; இதய மருத்துவப் பிரிவில் அவ்விரண்டு எழுத்துகளும் மைட்ரல் வால்வு சுருக்கத்தைக் குறிப்பவை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் இதேபோன்ற இடறல் உண்டு: 2011 கணக்கெடுப்பில் ‘பலவகை ஊனம்’ என்று ஒரு பிரிவு இருக்கிறது, அதற்கும் மல்டிபிள் ஸ்கிளீரோசிஸுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல்தான் எம்.எஸ்., சட்டம் பட்டியலிடும் 21 வகைகளுக்குள் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டது.

கோட்டுக்குக் கீழுள்ள எண்: தாதர் பார்சி காலனியிலிருந்து ஒரு பாடம்

மாட்டுங்காத் தமிழர்களுக்குப் பார்சிகள் அண்டை வீட்டார். ஃபைவ் கார்டன்ஸைச் சுற்றி நடந்தாலே தாதர் பார்சி காலனிக்குள் நுழைந்துவிடலாம். எம்.எஸ். பரவல் பற்றிய இந்திய ஆய்வுகளில் உலக அளவில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுபவற்றுள் மும்பைப் பார்சிகளைப் பற்றியவை உண்டு என்பதால், இந்த நகரத்தில் இருந்துகொண்டு அவற்றைப் படிக்காமல் போக முடியாது. 1988-ல் நாதிர் பரூச்சாவும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வு, மும்பையின் பார்சி காலனிகளில் வாழ்ந்த சுமார் 14,000 பேரை ஒவ்வொரு வீடாகச் சென்று விசாரித்து, எம்.எஸ். பரவல் 1 லட்சம் பேருக்கு 21 என்று கண்டது. 1990-ல் நோஷிர் வாடியாவும் பாட்டியாவும் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, மும்பைப் பார்சிகளுக்கு 26 என்றும் புனேப் பார்சிகளுக்கு 58 என்றும் சொன்னது.

இந்த எண்களைக் கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். 14,000 பேரில் லட்சத்துக்கு 21 என்றால் உண்மையில் எத்தனை நோயாளிகள்? மூன்று பேர். ஒரு காலனியின் ஒரு மாடியில் இன்னும் ஒருவர் இருந்து, அவரும் கணக்கில் வந்திருந்தால் வீதம் 29 ஆகியிருக்கும். மூவரில் ஒருவர் கணக்கெடுப்புக்கு முன் பெண் வீட்டாரோடு இருக்க சூரத்துக்குப் போயிருந்தால் 14 ஆகியிருக்கும். மூன்று என்ற எண்ணிக்கைக்குப் புள்ளியியல் முறைப்படி நம்பக எல்லையைக் கணக்கிட்டால், உண்மையான வீதம் லட்சத்துக்கு 4 முதல் 63 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம் என்று வருகிறது. புனேப் பார்சிகளின் எண்ணிக்கை மும்பையைவிட மிகவும் சிறியது. 3,500 பேர் உள்ள ஒரு சமூகத்தில் இரண்டே இரண்டு நோயாளிகள் இருந்தால் வீதம் 57 என்று காட்டும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அந்த 58-ஐப் படிக்க வேண்டும். மும்பையைப்போல் புனேயில் இரு மடங்கு என்று எழுதுவது கணக்குப்படி சரி, பொருள்படி வெற்றுச் சொல்.

அப்படியானால் பார்சிகளிடம் எம்.எஸ். அதிகம் என்ற கருத்தே பிழையா என்று கேட்கலாம். இல்லை. இரு வேறு ஆய்வுகள் ஏறத்தாழ ஒரே எண்ணை மும்பையில் அடைந்தன. அதே காலத்தில் மற்ற இந்தியர்களுக்குச் சொல்லப்பட்ட மதிப்பீடு லட்சத்துக்கு 1 அளவில்தான் இருந்தது. ஒரே நகரத்தில், ஒரே வெயிலில், ஒரே மருத்துவமனைகளை நாடிய இரு சமூகத்தாரிடையே இத்தகைய வேறுபாடு காணப்பட்டது என்பதே அந்த ஆய்வுகளின் மதிப்பு. ஆனால் அன்றைய பார்சிகளின் 21-ஐ எடுத்து 2014-ன் மங்களூரு 8.35-உடன் ஒப்பிட்டு, இரண்டரை மடங்கு என்று எழுதக் கூடாது. பார்சி ஆய்வில் வீடு வீடாகச் சென்று தேடினார்கள். இடையில் கால் நூற்றாண்டும் எம்.ஆர்.ஐ. இயந்திரமும் வந்துவிட்டன.

கோட்டுக்குக் கீழே வேறொரு குழப்பமும் உண்டு, அதில் மும்பைக்காரர்கள் எளிதாக மாட்டிக்கொள்வார்கள். பரேலிலோ சயானிலோ உள்ள ஒரு பெரிய பொது மருத்துவமனையின் நரம்பியல் புறநோயாளிப் பிரிவில் கோப்புகளைப் புரட்டினால், முகவரிப் பகுதியில் கல்யாண், உல்லாஸ்நகர், நாசிக், ஜோன்பூர், தர்பங்கா என்று வரிசையாக வரும். தாராவியில் உள்ள மைத்துனர் வீட்டு முகவரியைக் கொடுத்துவிட்டு சிகிச்சை முடிந்ததும் திருநெல்வேலிக்குத் திரும்பிவிடும் நோயாளியும் அவர்களுள் இருப்பார். இவர்களையெல்லாம் மேலே வைத்து, மும்பை மாநகராட்சியின் மக்கள்தொகையைக் கீழே வைத்து வகுத்தால் கிடைப்பது எந்த ஊரின் வீதமும் ஆகாது. பழைய இந்தியக் கட்டுரைகள் பலவற்றில் ‘நரம்பியல் பிரிவில் சேர்க்கப்பட்டவர்களில் இத்தனை சதவீதம்’ என்று காண்பதும் பரவல் வீதம் அன்று. அதை லட்சத்துக்கு இத்தனை என்று மாற்ற வழியே கிடையாது, எனவே முயலவேண்டாம். வளைகுடா நாடுகளின் எண்களைப் படிக்கும்போது, அந்நாட்டுக் குடிமக்களுக்கு மட்டுமான வீதமா, நம்மவர்கள் உட்பட வேலைக்கு வந்தவர்கள் அனைவரையும் சேர்த்த வீதமா என்று பாருங்கள். மருத்துவச் சோதனையில் தேறி வேலை விசா பெற்று வந்த இளம் ஆண்கள் கீழே பெருந்தொகையாக நிற்கும் நாட்டில், பெண்களிடம் கூடுதலாகக் காணும் ஒரு நோயின் வீதம் தானாகவே சரிந்து தெரியும்.

சொந்த வட்டாரத்துக்குக் கணக்கிடும் முறை

நம் அளவைகளில் இந்தக் கணக்கு எளிது, ஏனெனில் வீதமே லட்சத்தில்தான் சொல்லப்படுகிறது. 2011 கணக்கெடுப்பின்படி மும்பை மாநகர மக்கள்தொகை சுமார் 1 கோடியே 24 லட்சம். அதாவது 124 லட்சம். மங்களூரின் வீதம் இங்கும் பொருந்தும் என்று வைத்துக்கொண்டால், 124-ஐ 8.35-ஆல் பெருக்க, ஆயிரத்துக்குச் சற்று மேற்பட்டோர் என்று கிடைக்கிறது. மாட்டுங்கா, சயான், வடாலா ஆகியவை அடங்கிய எஃப் வடக்கு வார்டில் அதே கணக்கெடுப்பில் 5 லட்சத்துக்கு மேற்பட்டோர் இருந்தனர். அங்கே எதிர்பார்க்கத்தக்கவர்கள் நாற்பது சொச்சம் பேர். தற்செயலாகவே இது முப்பதாகக் குறையவும் ஐம்பத்தைந்தைத் தாண்டவும் இடமுண்டு என்பதால், பக்கத்து வார்டில் அறுபது பேர் என்று கேள்விப்பட்டால் நீரைக் குறைசொல்லத் தொடங்குவதற்கு முன் இந்த அகலத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

சங்கம் ஒன்றில் 5,000 உறுப்பினர்கள் இருந்தால் எதிர்பார்க்கத்தக்க எண்ணிக்கை 0.4. மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு, அங்கே ஒருவருக்கும் இந்நோய் இல்லாமலிருப்பதற்கே. ‘நம்மவர்களுக்கு இது வருவதில்லை’ என்று சங்கக் கூட்டத்தில் ஒருவர் உறுதியாகச் சொல்வதற்கும், வேறொரு சங்கத்தில் இரண்டு பேருக்கு வந்துவிட்டது என்று கலங்குவதற்கும் இதைத் தவிர வேறு காரணம் தேவையில்லை.

இடம் மாறினால் எண் மாறுவது ஏன்?

பகுதிக்குப் பகுதி வேறுபாட்டை விளக்கும்போது மரபணு என்றோ வெயில் என்றோ ஒற்றைச் சொல்லில் முடித்துவிடாதீர்கள். கிழக்கு லண்டனில் நடத்தப்பட்டு 2017-ல் வெளியான ஆய்வு, அங்கே வாழும் வெள்ளையர்களிடம் 1 லட்சம் பேருக்கு 180, கறுப்பினத்தவரிடம் 74, தெற்காசிய வம்சாவளியினரிடம் 29 என்று கண்டது. இந்த 29-ஐ இரு பக்கமும் வைத்துப் பாருங்கள். ஒரே நகரத்து வெள்ளையர்களோடு ஒப்பிட ஆறில் ஒரு பங்கு. மங்களூரோடு ஒப்பிட மூன்று மடங்குக்கு மேல். முன்னதில் பரம்பரைக் கூறுகளின் கை தெரிகிறது. பின்னதில் சூழலின் கையும், லண்டனில் நோயாளியைத் தவறவிடாத மருத்துவ அமைப்பின் கையும் சேர்ந்து தெரிகின்றன, அவ்விரண்டையும் இந்த எண்ணைக் கொண்டே பிரித்தெடுக்க முடியாது.

சூழல் என்பதற்குள் சூரிய ஒளியும் வைட்டமின் டி-யும், புகைபிடித்தலும், இளம்பருவ உடல்பருமனும் வருகின்றன. எச்சில் வழியே பரவும் எப்ஸ்டைன்-பார் வைரஸ் இவற்றில் தனி இடம் பெற்றது. அமெரிக்க ராணுவத்தினர் 1 கோடிக்கு மேற்பட்டோரின் தகவல்களை ஆராய்ந்து 2022-ல் வெளியான ஆய்வு, அந்த வைரஸ் தொற்றிய பின் எம்.எஸ். வரும் அபாயம் 32 மடங்கு உயர்வதைக் காட்டியது. ஆனால் நம் நாட்டில் ஏறக்குறைய அனைவருக்கும் குழந்தைப் பருவத்திலேயே அது தொற்றிவிடுகிறது. பதின்பருவத்தில் தாமதமாகத் தொற்றிக் காய்ச்சலாக வெளிப்படும்போது எம்.எஸ். அபாயம் கூடுதலாக இருப்பது மேலை நாடுகளில் காணப்பட்டுள்ளது. கூட்டுக் குடும்பத்தில் எச்சில் பட்ட டம்ளரைப் பற்றிக் கவலைப்படாமல் வளர்ந்த பிள்ளைகளுக்கு இது ஒருவகைப் பாதுகாப்பாக அமைந்திருக்கலாம் என்பது நியாயமான ஊகம், அதற்குமேல் எதுவும் இல்லை. துண்டறிக்கையில் இதை அறிவுரையாக எழுதிவிட வேண்டாம்.

காலப்போக்கில் எண் உயர்வதையும் இதே எச்சரிக்கையோடு கையாள வேண்டும். ஜப்பானின் ஹொக்கைடோ தீவிலுள்ள டொகாச்சி மாவட்டத்தில் ஒரே குழுவினர் திரும்பத் திரும்ப எண்ணியதில், 2001-ல் 8.6 ஆக இருந்தது 2006-ல் 13.1, 2011-ல் 16.2 என்று ஏறியது. ஈரானின் இஸ்ஃபஹானில் 2000-களின் தொடக்கத்தில் 35 அளவில் இருந்தது அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் 70-ஐத் தாண்டியது. டொகாச்சி எண்களுக்கு நான் அதிக எடை தருவேன், ஏனெனில் தேடியவர்களும் தேடிய இடமும் மாறவில்லை. இந்தியாவின் 1-லிருந்து 8-க்கு ஏறிய ஏற்றத்தை அந்த வரிசையில் சேர்க்க முடியாது. ஊர், முறை, விதி, கருவி அனைத்தும் இங்கே ஒரே சமயத்தில் மாறிவிட்டன.

எழுதும்போது

எந்த எண்ணையும் நான்கு துணைகளோடு எழுதுங்கள்: எந்த இடம், எந்த ஆண்டு, பரவலா புதுநிகழ்வா, யார் எண்ணியது. தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கங்களைப் பொதுமக்களுக்கான அறிக்கையில் தவிர்த்துவிடலாம், 8.35 என்பதைவிட ‘எட்டுப் பேருக்குச் சற்று அதிகம்’ என்பதே அந்த ஆய்வின் துல்லியத்துக்கு நெருக்கமானது. ஐரோப்பாவை அடர்சிவப்பிலும் நம்மை வெளிர்மஞ்சளிலும் காட்டும் உலக வரைபடத்தை அச்சிடாமல் இருப்பது என் பரிந்துரை. அதைப் பார்த்துவிட்டு, ஒரு கண் மங்கிப்போன இருபத்தெட்டு வயதுப் பெண்ணைக் கண்ணாடிக் கடைக்கு அனுப்பும் வீட்டாரே அதிகம். பரவல் வீதம் ஒரு மக்கள்தொகையைப் பற்றிப் பேசுகிறது. அறிகுறியோடு ஒருவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது, அவருக்கு நோய் இருக்கிறதா என்பதை நரம்பியல் நிபுணரின் பரிசோதனையும் எம்.ஆர்.ஐ. படமும்தான் சொல்ல வேண்டும், மண்டலச் சராசரி சொல்லாது.

மும்பைத் தமிழ்ச் சங்கம் ஒன்றின் துண்டறிக்கைக்குப் பின்வரும் பத்தியைச் சொல் மாற்றாமலே பயன்படுத்தலாம்:

‘உலகில் சுமார் 28 லட்சம் பேர் மல்டிபிள் ஸ்கிளீரோசிஸுடன் வாழ்வதாக 2020-ஆம் ஆண்டின் எம்.எஸ். அட்லஸ் மதிப்பிட்டது. இந்தியா, இலங்கை உள்ளிட்ட உலகச் சுகாதார நிறுவனத்தின் தென்கிழக்கு ஆசிய மண்டலத்தில் 1 லட்சம் பேருக்குச் சுமார் 9 பேர் என்பது அதே மதிப்பீடு. மங்களூரு நகரில் நடந்து 2014-ல் வெளியான ஆய்வு, 1 லட்சம் பேருக்கு எட்டுப் பேருக்குச் சற்று அதிகமாகக் கண்டது. அந்த வீதம் மும்பைக்கும் பொருந்துமானால், இந்நகரில் ஏறத்தாழ ஆயிரம் பேர் இந்நோயுடன் இருக்கலாம். ஒரு கண்ணில் வலியோடு பார்வை மங்கினாலோ, கை கால் மரத்துப்போய் ஒரு நாளுக்கு மேல் நீடித்தாலோ நரம்பியல் மருத்துவரைக் காணுங்கள்.’

இதன் கீழே, 1985-ல் மும்பையில் தொடங்கப்பட்ட இந்திய மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் சங்கத்தின் தற்போதைய தொடர்பு எண்ணை அவர்களிடமே கேட்டுச் சரிபார்த்து அச்சிடுங்கள். அச்சிட்ட மாதத்தையும் ஆண்டையும் கடைசி வரியில் சேர்த்துவிட்டால், அட்லஸின் அடுத்த பதிப்பு வரும்போது எந்தப் பிரதிகளை மாற்ற வேண்டும் என்பது அறிவிப்புப் பலகையைப் பார்த்தவுடன் தெரிந்துவிடும்.